மாதிரியைப் பார்த்து மூட்டையை வாங்கலாமா?

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் மாதக் கடைசியில் அமெரிக்காவில் ஒரு பெரிய கொள்முதல் நடக்கிறது. வாங்கப்படுவது அரிசியோ சீனியோ அல்ல, ஆட்கள்! அந்நாட்டின் 32 தொழில்முறை உதைபந்தாட்டக் கழகங்களும் பல்கலைக்கழகங்களில் விளையாடிய இளைஞர்களை முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. முந்திய பருவத்தில் மோசமாகத் தோற்ற கழகத்துக்கு முதல் வாய்ப்பு, கிண்ணத்தை வென்ற கழகத்துக்குக் கடைசி வாய்ப்பு. இப்படி ஏழு சுற்றுகள். இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர்.

அங்கே தொழில் செய்யும் என் சகோதரியின் மகன் தொலைபேசியில் இதைச் சொல்லத் தொடங்கியபோது, "புடவைக் கடைக்காரனுக்கு இது எதுக்கு மகன்?" என்று கேட்டேன். "மாமா, இது விளையாட்டு இல்ல, நீங்க செய்ற வியாபாரம்தான்" என்றான். கேட்கக் கேட்க அவன் சொன்னது சரி என்று பட்டது.

அவர்களின் உதைபந்தாட்டம் நாம் அறிந்தது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடுவது. அதில் 'குவாட்டர்பேக்' என்பவர்தான் தலைமைக்காரர். பந்து முதலில் அவர் கைக்கே வரும். எதிரணியின் பெரிய உடம்புக்காரர்கள் பாய்ந்து வர, இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். கழகத்தின் தலைவிதியே அவரிடம் இருப்பதால் அவருக்குத்தான் அதிக விலை.

வாங்குமுன் சும்மா விடுவதில்லை. இண்டியானாபொலிஸ் நகரில் கூட்டி வைத்து உயரம், எடை, உள்ளங்கை அகலம் எல்லாம் அளக்கிறார்கள். 40 யார் ஓட்டத்துக்குக் கடிகாரம் பிடிக்கிறார்கள். நேர்முகப் பரீட்சையும் உண்டு. 12 நிமிடத்தில் 50 கேள்விகளுக்கு விடை எழுதும் ஒரு பரீட்சையும் 2022இல் கைவிடப்படும் வரை நடந்தது.

இவ்வளவு அளந்தும் சறுக்குகிறார்கள். 2000ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டொம் பிரேடி 40 யாரை 5.28 விநாடியில் ஓடினார். ஆமை வேகம் என்றே சொல்ல வேண்டும். ஆறு குவாட்டர்பேக்குகள் விலைபோன பிறகு 199ஆவது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். அவர் பின்னர் வென்ற இறுதிக் கிண்ணங்கள் ஏழு. 1998இல் பெய்டன் மானிங்கா, ரையன் லீஃபா சிறந்தவர் என்று பெரிய விவாதம் நடந்தது. முதலாவதாகப் போன மானிங் சரித்திரம் படைத்தார். இரண்டாவதாகப் போன லீஃப் சில வருடங்களிலேயே களத்தை விட்டுப் போனார்.

எனக்குப் பிடித்த கணக்கு சான் பிரான்ஸிஸ்கோ கழகத்தினுடையது. 2021இல் 12ஆம் இடத்தில் நின்ற அவர்கள், 3ஆம் இடத்துக்கு ஏறுவதற்காக அந்த இடத்தோடு அடுத்த இரண்டு வருடங்களின் முதற்சுற்றுத் தெரிவுகளையும் வேறொன்றையும் கொடுத்து, ட்ரே லான்ஸ் என்ற இளைஞரை எடுத்தார்கள். நல்ல உடற்கட்டு, பலமான கை. ஆனால் பல்கலைக்கழகத்தில் அவர் ஆரம்ப வீரராக இறங்கிய ஆட்டங்கள் 17 மாத்திரமே. அடுத்த வருடம், 2022இல், அதே கழகம் கடைசித் தெரிவான 262ஆவது ஆளாக புரொக் பேர்டியை எடுத்தது. உயரம் நடுத்தரம், கையும் அப்படித்தான். ஆனால் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு நான்கு பருவம் ஆடியவர்.

லான்ஸ் 2022இல் காலில் காயப்பட்டார். அது அவருடைய பிழையல்ல. அடுத்தவரும் காயப்பட, அந்த டிசம்பரில் பேர்டிக்கு வாய்ப்பு வந்தது. 2024 பெப்ரவரியில் அவர் கழகத்தை இறுதியாட்டம் வரை கொண்டு போனார். 2025இல் ஐந்து வருடத்துக்கு 265 மில்லியன் டொலர் ஒப்பந்தமும் கிடைத்தது. லான்ஸையோ 2023இலேயே ஒரு நான்காம் சுற்றுத் தெரிவுக்கு விற்றுவிட்டார்கள். மூன்று முதற்சுற்றுக்கு வாங்கியதை நான்காம் சுற்றுக்கு விற்பது எவ்வளவு பெரிய நட்டம்! ஆனாலும் 'இவ்வளவு கொடுத்தோமே' என்று அவர்கள் அதைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருக்கவில்லை.

நான் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தவன். பல வருடங்களுக்கு முன் ஒரு கிளைக்கடை திறந்தேன். நேர்முகத்தில் மூன்று மொழியிலும் சரளமாகப் பேசிய, நல்ல தோற்றமுள்ள ஒருவரை அதிக சம்பளத்துக்கு மனேஜராக வைத்தேன். எனது கடையில் ஆறு வருடம் துணி கிழித்துக் கொடுத்த பொடியனை நினைத்தும் பார்க்கவில்லை. அவனுக்குப் பேச்சு வராது. ஆனால் எந்த வாடிக்கையாளருக்கு எந்தத் துணி பிடிக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். புதியவரின் குறை மூன்றாம் மாதமே தெரிந்தது. எனது தெரிவு பிழை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு ஒரு வருடம் இழுத்தேன். கிளை மூடப்பட்டது. பொடியனும் மனம் உடைந்து போய்விட்டான். இன்று அவனுக்குச் சொந்தக் கடை இருக்கிறது. எனது பழைய வாடிக்கையாளர்கள் பலர் அங்கேதான்.

அதற்காக, கடைசியில் கிடப்பதெல்லாம் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கடைசியில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் பெயர் தெரியாமலே போகிறார்கள். மானிங் முதல் விலைக்குத் தகுதியானவர்தான்.

2010இல் முதலாவதாகப் போன வீரருக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன் டொலர் ஒப்பந்தம். மறுவருடம் புதியவர்களின் சம்பளத்துக்கு எல்லை வகுத்தார்கள். 2011இல் முதலாவதாகப் போனவருக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 22 மில்லியன்தான். ஆளைக் கணிப்பதில் பிழை வரும் என்று தெரிந்தால், அந்தப் பிழையைத் தாங்கக்கூடிய விலையில்தான் வாங்க வேண்டும்.

இப்போது நான் ஆள் எடுக்கும்போது பேச்சை மட்டும் கேட்பதில்லை. எத்தனை பெருநாள் வியாபாரத்தில் நின்றவர் என்றும் கேட்கிறேன். கடைக்குள் ஏற்கனவே நிற்பவரை முதலில் பார்த்துவிட்டுத்தான் வெளியில் தேடுகிறேன். பிழை என்று தெரிந்தால் அந்த மாதமே கணக்கை முடிக்கிறேன். நண்பர்களே, இன்று கடை பூட்டுமுன் உங்கள் மேசைக்குப் பின்னால் பேசாமல் துணி மடித்துக் கொண்டிருப்பவரை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.