கிதாரின் தொனியை மாற்றுவது எது?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பார்கள். அந்தத் துரும்புக்கு 1500 ரூபாய் விலை சொன்னால், அது உண்மையிலேயே பல் குத்துகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவதுதானே முறை? சென்ற விடுமுறையில் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தது. அதற்குக் காரணம் என் அண்ணன்.

அண்ணன் பாலிடெக்னிக்கில் படிக்கிறார். பிறர் வாசித்துப் பழகிய மின்கிதார் ஒன்று அவரிடம் உள்ளது. அதன் ஒலி 'கண்ணாடி போல்' இல்லை என்பது அவருடைய தீராத குறை. கிதாருக்குள் இருக்கும் நகமளவு மின்தேக்கியைக் கழற்றிவிட்டு, எண்ணெயில் ஊறிய காகிதத்தாலான பழங்கால மின்தேக்கியைப் பொருத்தினால் தொனி கனிந்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தங்க முலாம் பூசிய முனையுடைய கேபிளை மாட்டினால் இன்னும் கனியுமாம். இரண்டுக்கும் சேர்த்து 5500 ரூபாய். அம்மா தையல் வேலையில் சேர்த்து டப்பாவில் வைத்திருந்த பணத்தை அண்ணன் கேட்டார். அந்த டப்பாவில் என் பதினோராம் வகுப்புப் புத்தகங்களும் இருக்கின்றன என்று சொல்லலாம். ஆகவே நான் சும்மா இருக்கவில்லை.

தோழியரே, முதலில் தொனி என்றால் என்ன என்று பார்ப்போம். வீணையில் ஒரு 'ச', புல்லாங்குழலில் அதே 'ச'. சுரம் ஒன்றுதான். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது வீணை, எது குழல் என்று சொல்லிவிடுகிறோம். ஒரு கம்பி அதிரும்போது அடிப்படைச் சுரத்தோடு, அதைப் போல் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரங்களும் கூடவே பிறக்கின்றன. எந்த மேற்சுரம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததே தொனி. ஒரு சிறு பொருள் தொனியை மாற்றும் என்று யாராவது சொன்னால், "அது எந்த வழியாக மேற்சுரங்களைத் தொடுகிறது?" என்று நாம் கேட்க வேண்டும்.

மின்கிதாரில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கம்பியின் அதிர்வு. மற்றது அந்த அதிர்விலிருந்து பிறக்கும் மின்சாரம். மின்கிதார் என்றவுடன் கம்பிகளில் மின்சாரம் பாய்கிறது, தொட்டால் அதிர்ச்சி அடிக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. (என் தங்கை இரண்டு வருடம் அதன் பக்கமே போகவில்லை.) உண்மையில் கம்பிகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட சுருளும் இருக்கின்றன. இதைப் பிக்கப் என்பார்கள். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்து, இன்று நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அதே மின்காந்தத் தூண்டல்தான். ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் 1931-இல் அமெரிக்காவில் இம்முறையில் ஒரு கிதாரை உருவாக்கினார். அதற்கான காப்புரிமை 1937-இல் கிடைத்தது. உருவத்தில் தோசைக்கல்லுக்குக் கைப்பிடி வைத்தது போல் இருந்ததால் அதை 'வாணலி' என்றே அழைத்தார்கள். மடியில் கிடத்தி, நம் கோட்டுவாத்தியத்தைப் போலவே, கம்பிகளின் மேல் ஒரு கட்டையை வழுக்கி வாசிக்கும் கருவி அது.

கம்பியைத் தொடும் பொருள்களில் முதலாவது, மீட்டும் வில்லை. இதற்குப் பிக் என்று பெயர். விலை பத்து, இருபது ரூபாய்தான். ஆனால் தொனியை இது கட்டாயம் மாற்றும். மெல்லிய பிளாஸ்டிக் வில்லை வளைந்து கம்பியை மெதுவாக விடுகிறது. கெட்டியான வில்லை கம்பியைக் கூர்மையாக இழுத்து விடுவதால் உயர்ந்த மேற்சுரங்கள் மிகுகின்றன. எந்த இடத்தில் மீட்டுகிறோம் என்பதும் முக்கியம். கம்பியின் சரி நடுவில் மீட்டினால் இரு மடங்கு, நான்கு மடங்கு மேற்சுரங்கள் ஏறக்குறைய எழுவதே இல்லை. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

காசு என்றதும் பிரையன் மே நினைவுக்கு வருகிறார். இங்கிலாந்தின் 'குயீன்' இசைக்குழுவின் கிதார்க் கலைஞரான இவர், ஆறு பென்ஸ் நாணயத்தையே வில்லையாகக் கொண்டு வாசிப்பவர். அதன் ரம்பம் போன்ற விளிம்பு கம்பியில் உரசும்போது தனியான ஒரு கரகரப்பு எழுகிறது. அந்த நாணயம் 1980-இல் புழக்கத்திலிருந்து நீங்கிவிட்டது. செல்லாக்காசு என்று இனி யாரையும் இகழக்கூடாது போலும்! அவருடைய கிதாரும் வாங்கியது அன்று. 1963-இல் தந்தையோடு சேர்ந்து தாமே செய்யத் தொடங்கியது. பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்திலிருந்து அதன் கழுத்தும், மோட்டார் சைக்கிளின் வால்வு வில்களும், நெம்புகோலின் நுனிக்குத் தாயாரின் பின்னல் ஊசியும், மெட்டுகளின் அடையாளப் புள்ளிகளுக்குத் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்களும் வந்தன. பொத்தான்கள் தொனிக்கு எதுவும் செய்வதில்லை. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். வில்லும் நாணயமும் அப்படியல்ல, அவை கம்பியோடு உறவாடுபவை. இவர் 2007-இல் வானியற்பியலில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அடுத்து, கம்பிகளே. வியர்வையும் அழுக்கும் துருவும் ஏறிய கம்பியில் உயர்ந்த மேற்சுரங்கள் சீக்கிரம் மடிந்துவிடும். ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். பிக்கப்பின் உயரமும் அப்படியே. திருகைத் திருப்பி அதைக் கம்பிக்கு அருகே கொண்டுவந்தால் சத்தம் கூடும். மிகவும் நெருங்கினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து, சுருதியைக் குலைத்து, நீண்டொலிக்க வேண்டிய நாதத்தையும் குறுக்கிவிடும். தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற சிறு பட்டையை எலும்பில் செய்வதா, பித்தளையில் செய்வதா என்று பெரிய விவாதமே உண்டு. ஆனால் விரலால் மெட்டில் அழுத்திவிட்டால் கம்பி மெட்டிலிருந்துதான் அதிர்கிறது. ஆகவே நட்டின் வேலை பெரும்பாலும் அழுத்தாத கம்பிகளோடு முடிந்துவிடும்.

இனி அந்த மின்தேக்கிக்கு வருவோம். மின்தேக்கி உயர்ந்த அதிர்வெண்களை எளிதாகக் கடத்தும். தாழ்ந்தவற்றைத் தடுக்கும். தொனிக் குமிழைத் திருகிக் குறைக்கும்போது, மேற்சுரங்கள் இதன் வழியே தரைக்கு வடிந்துவிடுகின்றன. ஒலி மழுங்குகிறது. குமிழை முழுவதும் திறந்து வைத்தாலோ, வழியில் 2,50,000 ஓம் மின்தடை குறுக்கே நிற்கும். மின்தேக்கிக்கு அப்போது அதிகம் வேலை இல்லை. இங்கே காகிதம், எண்ணெய் என்பவை எப்படி நுழையும்?

வாதாடிப் பயனில்லை என்று சோதனையில் இறங்கினோம். பழைய வால்வு ரேடியோவிலிருந்து எடுத்த எண்ணெய்க் காகித மின்தேக்கி ஒன்றை ரேடியோ பழுது பார்க்கும் கடைக்காரர் இலவசமாகவே கொடுத்தார். அதிலும் 0.022 மைக்ரோஃபாரடு என்றுதான் எழுதியிருந்தது. அண்ணன் அதையும் புதிய மின்தேக்கியையும் ஒரு விசையோடு சேர்த்துப் பற்றவைத்தார். தொனிக் குமிழைக் குறைத்து வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து அமர்ந்து மீட்டினார். தங்கை காசு சுண்டுவாள். தலை விழுந்தால் பழையது, பூ விழுந்தால் புதியது. மாற்றினேனா இல்லையா என்று தெரியாதபடி ஒவ்வொரு முறையும் விசையை 'டக் டக்'கென்று பலமுறை தட்டிவிட்டு, வாய் திறக்காமல் நிற்பேன்.

இருபது முறையில் பதினேழு முறை அண்ணன் சரியாகச் சொன்னார்! "பார்த்தாயா, பெரிய விஞ்ஞானி!" என்று குதித்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அன்றிரவு முழுவதும் யோசித்து, மறுநாள் மல்டிமீட்டரில் இரண்டையும் அளக்கச் சொன்னேன். புதியது 0.022. பழையதோ 0.032 காட்டியது! காகித மின்தேக்கிகள் வயதாக ஆக அளவு மாறுபவை. பக்க இணைப்பில் மின்தேக்குத்திறன்கள் கூடும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? புதியதோடு 0.010 மைக்ரோஃபாரடு ஒன்றைப் பக்க இணைப்பில் சேர்த்தோம். ஐந்து ரூபாய்தான் செலவு. மறுபடி இருபது முறை. இம்முறை அண்ணன் சரியாகச் சொன்னது பதினொன்று. காசு சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் பத்து கிடைத்திருக்கும். அண்ணன் காதில் கேட்டது பொய்யில்லை. ஆனால் கேட்டது அளவின் வேறுபாடே, எண்ணெயின் மணமன்று.

கேபிள் விஷயத்தில் நான்தான் தோற்றேன். அது வெறும் கம்பிதானே என்று நினைத்திருந்தேன். கேபிளும் ஒரு மின்தேக்கியே. மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரடு இருக்கும். பிக்கப்பின் சுருளும் கேபிளும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்கின்றன. அந்த இடத்தில் ஒலி பளிச்சிடும். சாதாரணப் பிக்கப்பில் 3 மீட்டர் கேபிளோடு அது 5000 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தால், 10 மீட்டருக்கு 3000 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். பாடகர் குழுவின் நீளக் கேபிளை இரவல் வாங்கிப் பார்த்தோம். பத்துக்கு ஒன்பது முறை அண்ணன் கண்டுபிடித்தார். நானும் எட்டு முறை கண்டுபிடித்தேன். மின்கலம் போட்ட கிதாராக இருந்தால் இந்த வேறுபாடு ஏறக்குறைய இராது. தங்க முலாம் துருப்பிடிக்காது என்பது மெய். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

கடைசியில் அண்ணன் 600 ரூபாய்க்குப் புதுக் கம்பிகள் மட்டும் வாங்கினார். முந்தைய கம்பிகளை எப்போது மாட்டினார் என்று அவருக்கே நினைவில்லை! பிக்கப்பையும் ஒரு மில்லிமீட்டர் இறக்கினோம். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அண்ணன் முதல்முறை மீட்டியதும் அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "டேய், வேற கிதார் வாங்கிட்டியா?"

மீதிப் பணம் டப்பாவில் இருக்கிறது. அந்த ரேடியோ மின்தேக்கியைத் தூக்கிப்போட மட்டும் அண்ணனுக்கு மனம் வரவில்லை. அது கிதாருக்குள்தான் இருக்கிறது, யார் வந்தாலும் திறந்து காட்டுகிறார்.