சுஸுகி: ஒரு கதிர்ப்போரின் பெயர்

இந்தியாவில் எந்த ஊர்ச் சாலையோரத்திலும் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், 'சுஸுகி' என்ற பெயரைத் தாங்கிய வண்டி ஒன்றாவது நம்மைக் கடந்து போகும். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்த நாளிலிருந்து நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் பழகிப்போன பெயர் அது. ஆனால் அது ஜப்பானியரின் குடும்பப் பெயர் என்பதும், அதன் வேர் ஒரு நெல் வயலில் இருக்கிறது என்பதும் நம்மில் பலர் அறியாத சங்கதி. ரயில்வேயில் இரும்போடும் எண்ணெயோடும் காலம் தள்ளிய எனக்கு, ஓய்வுக்குப் பிறகு பெயர்களின் கதைகளைத் தேடிப் படிப்பது பொழுதுபோக்காகிவிட்டது. அவற்றில் இந்தக் கதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு அவசியம் சொல்லவேண்டிய ஒன்று.

மணியும் மரமும்

ஜப்பானியர் இந்தப் பெயரை இரண்டு சீன எழுத்துகளால் எழுதுகிறார்கள். முதலாவது 'சுஸு', அதாவது சிறு மணி. இரண்டாவது 'கி', அதாவது மரம். 'மணி மரம்' என்று பொருள் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பேச்சில் ஏற்கெனவே இருந்த ஒரு சொல்லுக்கு, ஒலி ஒத்துவரும் எழுத்துகளைத் தேடிப் பிடித்து எழுதுவது அந்நாட்டின் பழைய வழக்கம். சுஸுகியும் அப்படி எழுதப்பட்ட பெயர்தான் என்கிறார்கள்.

உண்மையான பொருளைத் தேடி, வாகயாமா மாகாணத்துக் குமானோ மலைப் பகுதிக்குப் போகவேண்டும். அங்கே அறுவடை முடிந்ததும் நெற்கதிர்க் கட்டுகளை ஒரு கம்பைச் சுற்றி அடுக்கிக் காயவைப்பார்கள். அந்தக் கதிர்ப்போருக்கு வட்டாரப் பேச்சில் 'சுஸுகி' என்று பெயர். நடுவே நட்ட கம்பின் வழியாக நெல்லின் தெய்வம் இறங்கி வருகிறது என்பது நம்பிக்கை. களத்துமேட்டில் போர் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்தியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குமானோ ஆலயங்களோடு தொடர்புடைய பழைய குலம் ஒன்றுக்கு ஹோஸுமி என்று பெயர். 'ஹோ' என்றால் கதிர், 'ஸுமி' என்றால் அடுக்குதல். தெய்வத்துக்கு நெற்கதிர் படைத்ததால் அந்தப் பெயர் கிடைத்தது என்பது மரபுக் கதை. அதே பொருளை வட்டாரச் சொல்லில் சொன்னால் சுஸுகி. ஹோஸுமி குலத்தின் கிளையே சுஸுகிகள் என்று கொள்கிறார்கள்.

யாத்திரையோடு பரவிய பெயர்

சுஸுகிகள் பின்னர் குமானோ யாத்திரைப் பாதையில் உள்ள ஃபுஜிஷிரோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று அது கைனான் நகரைச் சேர்ந்தது. முடி துறந்த மன்னர்கள் முதல் சாமானியர் வரை அந்தப் பாதையில் நடந்தார்கள். கூட்டம் வரிசையாகப் போவதைப் பார்த்து 'எறும்புகளின் குமானோ யாத்திரை' என்றே ஜப்பானியர் சொல்வார்கள். குமானோ வழிபாட்டைப் பரப்பியவர்கள் நாடு முழுவதும் சென்றார்கள். 3,000க்கும் மேற்பட்ட குமானோ ஆலயங்கள் எழுந்தன. பெயரும் கூடவே போயிற்று.

மிகாவா பகுதியில் வேரூன்றிய சுஸுகிகளில் பலர் தொகுகாவா இயேயாசுவிடம் பணிபுரிந்தார்கள். 1590ல் அவர் எடோவுக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, இடம் மாறியபோது அவர்களும் உடன் சென்றார்கள். ஷிஸுவோகா, ஐச்சி மாகாணங்களிலும் தோக்கியோ வட்டாரத்திலும் இப்பெயர் மிகுந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபுஜிஷிரோவின் மூல வம்சமோ 1942ல் வாரிசின்றி முடிந்தது. அவர்களுடைய பழைய வீடு 2023ல் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது.

1875ன் ஆணை

எடோ காலத்தில் குடும்பப் பெயரை வெளிப்படையாக வைத்துக்கொள்ளும் உரிமை சாமுராய்களுக்கும் அனுமதி பெற்ற சிலருக்கும் மட்டுமே இருந்தது. 1870ல் மெய்ஜி அரசு அதை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஜனங்கள் அவசரப்படவில்லை, வரி போடத்தான் கேட்கிறார்கள் என்று பயந்தவர்களும் உண்டு. படைக்கு ஆள் சேர்க்கவும் பதிவேட்டைச் சீராக வைக்கவும் பெயர் தேவைப்பட்டதால், 1875 பிப்ரவரி 13ஆம் தேதி குடும்பப் பெயர் கட்டாயம் என்று ஆணை பிறந்தது. பழைய பெயரை வீட்டுக்குள் காத்துவந்தவர்கள் அதைப் பதிந்தார்கள். மற்றவர்கள் வயலையும் மலையையும் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: தனாகா என்றால் வயல் நடுவே, யாமாமோத்தோ என்றால் மலையடி. ஊர்ப் பெரியவரையோ பூசாரியையோ கேட்டு, அக்கம்பக்கத்தில் மதிப்பாக இருந்த பெயரை ஏற்றவர்களும் இருந்தார்கள்.

இன்று ஜப்பானில் ஏறக்குறைய 18 லட்சம் சுஸுகிகள். எழுபது பேருக்கு ஒருவர். சத்தோவுக்கு அடுத்த இரண்டாம் இடம். 1945ல் போர் முடிந்தபோது பிரதமராயிருந்தவர் கன்தாரோ சுஸுகி. 1980 முதல் 1982 வரை பிரதமராயிருந்தவர் ஸென்கோ சுஸுகி. வயலின் போதனைக்கு ஷினிச்சி சுஸுகி, 2010ல் வேதியியல் நோபல் பெற்றவர் அகிரா சுஸுகி. பேஸ்பால் வீரர் இச்சிரோ 1994 முதல் குடும்பப் பெயரை விட்டு இச்சிரோ என்ற சொந்தப் பெயரிலேயே ஆடினார். அத்தனை சாதாரணமான பெயர்!

வண்டியில் உள்ள சுஸுகி

1909ல் ஹமமாட்சுவில் மிச்சியோ சுஸுகி தொடங்கியது ஒரு தறிப் பட்டறை. மோட்டார் வாகனம் பிற்பாடு வந்தது. சுஸுகி நிறுவனத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த ஒசாமு சுஸுகியோ பிறப்பால் சுஸுகி அல்ல, மட்சுதா. 1958ல் மிச்சியோவின் பேத்தியை மணந்து, அந்த வீட்டுக்குத் தத்துப் பிள்ளையாகவும் மருமகனாகவும் வந்து பெயரை ஏற்றார். வீட்டோடு மாப்பிள்ளை என்று நாம் கேலி பேசுகிறோம். அங்கே அது தொழிலையும் பெயரையும் காக்கும் மதிப்பான ஏற்பாடு. அவர் 2024 டிசம்பரில் காலமானார். மறு மாதம் நம் அரசு பத்ம விபூஷண் அறிவித்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜப்பானியச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். யார் பெயரும் இருக்கலாம் என்கிறது சட்டம். ஆனால் சுமார் 95 சதவீதம் தம்பதிகளில் பெண்ணின் பெயர்தான் போகிறது. உச்ச நீதிமன்றம் 2015லும் 2021லும் இதைச் செல்லும் என்றது. 2025ல் நாடாளுமன்றத்தில் மாற்று மசோதாக்கள் விவாதத்துக்கு வந்தும் நிறைவேறவில்லை. இதே நிலை நீடித்தால் 2531ல் எல்லா ஜப்பானியரும் சத்தோவாகிவிடுவார்கள் என்று தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 2024ல் கணக்குப் போட்டுக் காட்டினார். 18 லட்சம் சுஸுகிகளும் அதில் அடக்கம்!

நம் வீட்டுப் பதிவேடு

ஜப்பானியர் குடும்பப் பெயரை முதலில் சொல்லிச் சொந்தப் பெயரைப் பின்னால் சொல்வார்கள். நாமும் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கிறவர்கள்தாம். ஆனால் நம்முடைய இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். குடும்பப் பெயர் மாறாது. வடக்கே வந்தபிறகு இந்த வித்தியாசம் நம்மை விடுவதில்லை. என் மகனைப் பள்ளியில் சேர்த்தபோது, "சர்நேம் எங்கே?" என்று கேட்டார் எழுத்தர். என் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினோம். இன்று என் பேத்தியின் சான்றிதழிலும் அதே பெயர்தான் நிற்கிறது. அவளுடைய அப்பாவின் பெயர் அவள் பெயரோடு இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே நான் ஒரு குலத்துக்கு மூதாதையாகிவிட்டேன்! 1875ல் பதிவேட்டின் முன் நின்ற ஜப்பானிய விவசாயியின் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது.

சுஸுகிகள் 18 லட்சம் பேரும் ஒரே ரத்தம் அல்ல. கும்பிட்டுப் பெற்றவர்கள், சேவகத்தில் பெற்றவர்கள், ஆணைக்குப் பயந்து எழுதியவர்கள், கல்யாணத்தில் ஏற்றவர்கள் என்று எத்தனையோ வகை. ஆனாலும் அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. கேட்பவருக்கு அதைச் சொல்ல ஆளும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும் முன் வீட்டில் எல்லோரும் கலந்து பேசுங்கள். தாத்தா பெயரோ, ஊர்ப் பெயரோ, அம்மாவின் பெயரோ, எதை எழுதினாலும் சரி. அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதைக் குழந்தைக்குச் சொல்லிவையுங்கள். அதை எந்த எழுத்தரும் கேட்டு எழுதிக்கொள்ள மாட்டார்.