துருவலா, மாவா?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் தோப்பில் பாதித் தென்னை படுத்துவிட்டது. அதுவரை எங்களுக்கு ஒரு கோடாலியும், ஆளுக்கொரு பக்கம் நின்று இழுக்கும் ரம்பமும் போதுமாக இருந்தன. அந்த மாதம்தான் நான் முதன்முதலாக மோட்டார் ரம்பம் வாங்கினேன். மூன்றாம் நாளே அது அறுக்க மாட்டேன் என்றது. இஞ்சின் முழங்குகிறது, மரம் கருகும் வாடை வருகிறது, செயின் ஓடும் பார் மட்டும் இறங்கவில்லை. மிஷின் போய்விட்டது என்று பதறி ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மிஷினுக்கு ஒன்றுமில்லை, பல் மழுங்கியிருந்தது. கடைக்காரர் செயினைக் கழற்றி, கம்பி அறுக்கும் கிரைண்டரில் காட்டி ஐந்தே நிமிடத்தில் தீட்டிக் கொடுத்தார். பல்லின் நுனியெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. அந்த நீலத்துக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

போன வாரம் அண்ணன் மகன் வந்திருந்தான். அவனும் ரம்பம் வாங்கப் போகிறானாம். “சித்தப்பா, 22 இஞ்ச் பார் போட்டதா வாங்கினா வேலை சீக்கிரம் முடியுமில்ல?” என்றான். டீயைக் கையில் கொடுத்து உட்காரச் சொன்னேன். “நீளம் அப்புறம் பேசலாம்டா. அதை எங்க வச்சுத் தீட்டுவே? உன்கிட்ட வைஸ் இருக்கா?” என்று கேட்டேன். அவன் விழித்தான்.

மர வேலைக்குக் கருவி வாங்குகிறவர்கள் எல்லோரும் சிசி கேட்கிறார்கள், பாரின் நீளம் கேட்கிறார்கள், விலை கேட்கிறார்கள். நான் இப்போது முதலில் பார்ப்பது வேறு. இதை நானே தீட்ட முடியுமா? தேய்ந்த பாகத்துக்கு மாற்று எங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால்தான் மற்றப் பேச்சு. தோப்பு வேலைக்கு 50 சிசி அளவில் ஒரு ரம்பமும் 16 அல்லது 18 இஞ்ச் பாரும் தாராளம். பார் நீளமானால் பல் கூடும், பல் கூடினால் தீட்டும் நேரம் கூடும், சிறிய இஞ்சின் திணறும், நுனி எங்கே படுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. பாரின் நுனியில் மேல்பாதி மரத்தில் இடித்தால் ரம்பம் ஆளை நோக்கித் துள்ளும். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் செயின் பிரேக் அதற்காகத்தான். அது வேலை செய்கிறதா என்று தினமும் அறுக்கத் தொடங்கும்முன் பார்த்துவிட வேண்டும். முகமூடி, காதடைப்பு, காலை முழுக்க மூடும் பூட்ஸ் மூன்றையும் ரம்பத்தோடு சேர்த்தே வாங்கச் சொன்னேன்.

செயின் வாங்கப் போகும்போது மூன்று எண் தெரிந்திருக்க வேண்டும். கண்ணிகளுக்கு இடையிலான அளவு, பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன், அந்தக் கண்ணிகளின் எண்ணிக்கை. என்னுடைய 18 இஞ்ச் பாருக்கு 0.325 இஞ்ச், 1.5 மி.மீ., 72. இதைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். தீட்டும் அரத்தையும் இதில் முதல் எண்தான் முடிவு செய்கிறது. 0.325 செயினுக்கு 4.8 மி.மீ. வட்ட அரம், சின்ன ரம்பங்களில் வரும் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மி.மீ. அரம். அளவு மாறினால் பல்லின் வளைவே கெட்டுப்போகும்.

“மழுங்கிடுச்சுன்னு எப்படிச் சித்தப்பா தெரியும்?”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கீழே விழும் தூளைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். கூரான பல் மரத்தைச் சீவித் தள்ளும். தூள் தேங்காய்த் துருவல் மாதிரி, விரலால் எடுத்துப் பார்க்கும் அளவு துண்டு துண்டாக விழும். மழுங்கிய பல் மரத்தைத் தேய்க்கும், தூள் கேழ்வரகு மாவாகக் கொட்டும். மாவு வந்த நிமிடமே இஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் அறுக்கிறவன் கையால் அழுத்துகிறான். அழுத்துகிற கைதான் மரம் அறுந்ததும் நிலைதடுமாறி முன்னால் போகிறது. அறுப்பு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போனால், அந்தப் பக்கத்துப் பல்லும் மறுபக்கத்துப் பல்லும் நீளத்தில் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

பல் இடது, வலது என்று மாறி மாறி நிற்பதற்குப் பின்னால் ஒரு புழு இருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிப் பிழைத்தவர் ஜோசப் காக்ஸ். அக்காலத்துச் செயின்களில் கைரம்பத்தின் பல்லைப் போலவே கீறும் பற்கள் இருந்தன. அவற்றைத் தீட்டியே நேரம் போனது. 1946இல் விறகு பிளக்கும்போது கட்டைக்குள் ஒரு வண்டுப் புழுவைக் கண்டார். அது நார்ப்போக்கு எதுவானாலும் பொருட்படுத்தாமல், வளைந்த தாடையால் இடமும் வலமும் மாறி மாறிக் கடித்துக்கொண்டு போனது. அந்தத் தாடையை இரும்பில் செய்து செயினில் பொருத்தினார். 1947இல் விற்பனைக்கு வந்த அந்தப் பல்லின் வடிவத்தைத்தான் இன்று உலகமே பயன்படுத்துகிறது. தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டின் புழுவை எத்தனையோ முறை ஆத்திரத்தோடு நசுக்கியிருக்கிறேன். இதைப் படித்த பிறகு ஒரு தடவையாவது நின்று பார்க்கத் தோன்றுகிறது.

டீ முடிந்ததும் அவனைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனேன். வைஸில் பாரைப் பிடித்தேன். செயின் அசையாமல் நிற்க வேண்டும், ஆனால் வைஸ் கவ்வ வேண்டியது பாரைத்தான், செயினை அல்ல. இருப்பதில் மிகக் குட்டையான பல்லைத் தேடி அதிலிருந்து தொடங்கினேன். மற்றவை அதன் நீளத்துக்கு வர வேண்டும். பல்லின் மேல்தட்டில் சாய்வாக ஒரு கோடு இருக்கும். அரத்தை அந்தக் கோட்டுக்கு இணையாக, ஏறத்தாழ 30 பாகையில் வைத்து, உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் தலைக்கு மேலே தெரிய வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாவற்றுக்கும் மூன்று. ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். மழுங்கிய நுனியில் மெல்லிய வெள்ளைக் கோடாக வெளிச்சம் மின்னும். கோடு மறைந்தால் கூர் வந்துவிட்டது.

இவ்வளவு செய்தும் மாவு கொட்டுகிறதென்றால் குற்றம் திமிலில் இருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு நிற்கிறது, அதை நான் திமில் என்பேன். பல் மரத்தில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அதுதான் அளந்து கொடுக்கிறது. பல்லின் மேல்தட்டு பின்னோக்கிச் சரிகிறது. ஆகவே தீட்டத் தீட்டப் பல் தாழ்ந்துகொண்டே வரும், திமில் மட்டும் அப்படியே நிற்கும். கடைசியில் பல் மரத்தைத் தொடவே முடியாது. நாலைந்து தடவை தீட்டியதும் தட்டை அரத்தால் திமிலை இறக்கி, பல்லுக்கு 0.65 மி.மீ. கீழே கொண்டுவர வேண்டும். அதற்கென்று இரும்புத் தகட்டில் அளவுகோல் விற்கிறது. கண்ணளவில் இறக்கக் கூடாது. அதிகம் இறங்கினால் பல் வாய்கொள்ளாமல் கடித்து ரம்பம் உதறும்.

கிரைண்டர் நீலத்துக்கு வருகிறேன். சூடேறிய எஃகு நீலமானால், பட்டறையில் ஏற்றிய பதம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. தொட்டால் கூர்தான், இரண்டு அறுப்பில் போய்விடும். அரிவாளுக்கும் இதே கதைதான். மின்சாணையில் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். எனக்கு அரம்தான் நிம்மதி. என் அரங்கள் சுவரில் தனித்தனி ஆணியில் தொங்குகின்றன. ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றையொன்று உரசி மழுங்கும். எண்ணெய் தடவுவதில்லை, சாக்பீஸ் தடவுகிறேன். இரும்புத்தூள் அடைத்துக்கொள்ளாது.

தென்னையை அறுக்கிறவர்களுக்கு ஒன்று. தென்னைக்கு வெளிச்சுற்றுதான் வைரம், நடு மென்மை. அந்த வெளிச்சுற்றிலும் நாரிலும் சிலிக்கா இருப்பதால் வேம்பை, வாகையை அறுப்பதைவிடப் பல் சீக்கிரம் மழுங்கும். விழுந்து கிடக்கும் மரத்தில் மணல் வேறு ஒட்டியிருக்கும். ஈர்க்கு விளக்குமாற்றால் ஒரு தரம் கூட்டிவிட்டு, அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி அறுத்தால் செயின் பிழைக்கும். பார் தரையைத் தொட்டால் ஒரே நொடியில் எல்லாப் பல்லும் போய்விடும்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஆட்கள் செய்யும் சிக்கனம் எனக்கு வருத்தம் தருகிறது. பைக்கிலிருந்து வடித்த பழைய ஆயிலைச் செயினுக்கு ஊற்றுகிறார்கள். அதில் இரும்புப்பொடி இருக்கும். பாரையும் பம்பையும் தின்றுவிட்டு, கிணற்றடி மண்ணிலேயே சொட்டும். செயினுக்கென்று விற்கும் பிசுக்குள்ள ஆயிலையே ஊற்றுங்கள். அது வருகிறதா என்று அறிய, பார் நுனியை ஒரு வெளுத்த கட்டைக்கு நேராகத் தொடாமல் காட்டி முறுக்கினால் கட்டையில் எண்ணெய்க் கோடு விழும். பெட்ரோலில் டூ-டி ஆயில் லிட்டருக்கு 20 மில்லியா, 40 மில்லியா என்பதை ரம்பத்தோடு வரும் புத்தகத்தைப் பார்த்துக் கலக்க வேண்டும். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். ஆகவே அந்த வாரத்துக்கு வேண்டிய அளவே கலக்குகிறேன். மழைக்காலத்தில் ரம்பம் சும்மா கிடக்கப் போகிறதென்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுவேன்.

கிளை கழிக்க மோட்டார் ரம்பமே வேண்டாம் என்பது என் கட்சி. இழுக்கும்போது அறுக்கும் கைரம்பம் ஒன்று போதும். அலகு மெல்லியது, ஆபத்தும் குறைவு. ஆனால் பல் நுனி கருநீலமாக இருந்தால் அது நுனியை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கியது, அரம் ஏறாது. அலகு மழுங்கினால் புது அலகுதான், அதன் விலையையும் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். அரிவாள் என்றால், திருப்பாச்சி ஆனாலும் உள்ளூர்ப் பட்டறை ஆனாலும், வாயில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். அரம் கண்ணாடியில் போலச் சறுக்கினால் வாய் உடையும். வெண்ணெயில் போல இறங்கினால் பதமே ஏறவில்லை. லேசாகக் கடிக்க வேண்டும்.

கைரம்பத்தில் அவசரம் இல்லாததால் வெட்டும் ஒழுங்காக அமையும். முதலில் தாய்மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடியிலிருந்து கொஞ்சம். பிறகு அதற்கு வெளியே மேலிருந்து முழுதாக. பாரம் போனபின் மிச்சக் குட்டையை, கிளை பிறக்கும் இடத்தில் உப்பலாக இருக்கும் கழுத்துக்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும். கழுத்தை வெட்டினால் மரம் காயத்தைச் சுற்றி மூட முடியாமல் உள்ளே அழுகும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்து இதை நிறுவியவர். அப்படிப் பிளக்க அவருக்குக் கைகொடுத்தது மோட்டார் ரம்பம்தான்.

தீட்டி முடித்த மோட்டார் ரம்பத்தால், வெளியே கிடந்த வாகைக் கட்டையை அண்ணன் மகன் அறுத்துப் பார்த்தான். துருவல் கொட்டியது. கையில் அள்ளிக்கொண்டு வந்து காட்டினான். ரம்பத்தை ஆணியில் மாட்டப் போனவனிடம், “இரு, செயினைக் கொஞ்சம் தளத்திட்டு மாட்டு” என்றேன். சூட்டில் நீண்டிருக்கும் செயின் ஆறும்போது சுருங்கி, இறுக்கமாக இருந்தால் இஞ்சின் தண்டையே இழுக்கும். நட்டைத் திருப்பினான், விரலால் செயினை ஒரு சுற்று இழுத்துப் பார்த்தான், பிறகு மாட்டினான்.