கணினிக்கும் ஒரு பாசார் மலாய்

சம்பளம் போட்ட மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். துப்புரவுப் பணியாளர்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கும் அக்கா ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்துவிட்டார். கையில் நான்காக மடித்த சம்பளச் சீட்டு, ஒரு பழைய நோட்டுப் புத்தகம்.

“தம்பி, ஞாயித்துக்கிழம ஓட்டி காசு சரியா வந்திருக்கு. ஆனா மத்த நாள் ஓட்டிக்கு ஒரு சென் கூட வரலியே. 26 மணி நேரம் செஞ்சிருக்கேன். இந்தா, தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன், பாருங்க.”

பார்த்தேன். அவர் கணக்கு சரி. எங்கள் கணினியின் கணக்குதான் தவறு. அவருக்கு மட்டும் ஏறக்குறைய 280 ரிங்கிட் குறைந்திருந்தது. பட்டியலைத் திறந்தால் அந்த மாதம் வார நாள்களில் கூடுதல் நேரம் உழைத்த அத்தனை பேருக்கும் அந்தக் கட்டத்தில் 0.00. மாதத்தில் விடுமுறைகள் அதிகம் என்பதால் மொத்தத் தொகை குறைந்ததைக் கணக்குப் பிரிவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சம்பள நிரலை எழுதியவன் நான்தான். நான் செய்தது கூட்டல் பிழையும் அல்ல, பெருக்கல் பிழையும் அல்ல. இரண்டு கணினி மொழிகளை ஒன்றோடொன்று பேச வைத்த இடத்தில் நடந்த பிழை. கணினித் துறைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலும், இந்தத் துறையில் புதிதாகக் கால்வைக்கும் இளைஞர்களிடமும் இதைச் சொல்லிவைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

பழைய சமையல், புதிய தட்டு

எங்கள் சம்பளக் கணக்கின் மூளை ‘சி’ என்ற மொழியில் எழுதப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி அது. எங்கள் நிரலை எழுதியவர் இப்போது ஈப்போவில் ஓய்வில் இருக்கும் ஓர் அங்கிள். சேமநிதி, சொக்சோ, சம்பளமில்லா விடுப்பு, பாதி மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் என்று ஆண்டுக்கணக்கில் வந்த ஒவ்வொரு சிக்கலுக்கும் அதில் விடை இருந்தது.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, அதற்குப் புதிய முகம் கொடுப்பது. கைப்பேசியில் சம்பளச் சீட்டு பார்க்க வேண்டும், மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் ‘பைதன்’ வசதியானது. நெதர்லாந்தைச் சேர்ந்த குய்டோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட மொழி. இன்று நம் பிள்ளைகள் பலர் முதலில் கற்பது அதைத்தான்.

அப்படியானால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் பைதனிலேயே எழுதிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். பல ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்ட கணக்கைத் திரும்ப எழுதினால் பழைய பிழைகளையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அம்மாவின் கைப்பக்குவத்தை விட்டுவிட்டு நாமே மசாலா அரைக்கத் தொடங்குவது மாதிரி. அதனால் கணக்கு சியிலேயே இருக்கட்டும், தேவைப்படும்போது பைதனிலிருந்து அதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு இன்றும் சரியென்றே நினைக்கிறேன். கூப்பிட்ட விதம்தான் கோளாறு.

பாட்டியும் மளிகைக் கடைக்காரரும்

எங்கள் பாட்டிக்குச் சீனம் தெரியாது. தெருமுனை மளிகைக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நாற்பது வருடம் அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் நடந்தது. இருவரும் பேசியது பாசார் மலாய். இலக்கணம் பார்க்காத சந்தை மொழி. ‘எத்தனை’, ‘என்ன விலை’, ‘நாளைக்குத் தருகிறேன்’ ஆகியவற்றுக்கு அது போதும்.

கணினி மொழிகளுக்கு நடுவிலும் அப்படி ஒரு சந்தை மொழி உண்டு. பெரும்பாலும் சி மொழியின் அழைப்பு முறைதான் அது. ஒரு செயற்கூறைக் கூப்பிடும்போது மதிப்புகளை எந்த இடத்தில் எந்த வரிசையில் வைப்பது, விடையை எங்கிருந்து எடுத்துக்கொள்வது என்ற உடன்பாடு. இரண்டு மொழிகளில் ஒன்றுகூட சி இல்லாவிட்டாலும், பாட்டியும் கடைக்காரரும் மலாயில் சந்தித்தது போல, அவை அந்த முறையில் சந்தித்துக்கொள்ளும். பைதனில் இதற்கு ‘சிடைப்ஸ்’ என்ற கருவி 2006 முதல் கூடவே வருகிறது.

ஆனால் சந்தை மொழியில் விலை பேசலாம், மனக்குறையை விளக்கிச் சொல்ல முடியாது. இங்கும் அப்படித்தான். எண்களும் நினைவக விலாசங்களும் சுலபமாக எல்லையைத் தாண்டும். மற்றவை தடுமாறும்.

பைதனில் ஒரு தவறு நடந்தால் அது சத்தம் போட்டு நின்றுவிடும். சி நிரல் பெரும்பாலும் ஒரு எண்ணைத் திருப்பித் தந்துவிட்டுச் சும்மா இருக்கும். ‘-1 வந்தால் தவறு’ என்பது அதன் ஏற்பாடு. கூப்பிட்டவர் அதைக் கவனிக்காவிட்டால் தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது.

எழுத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. ‘அம்மா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள். அதை இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வீதம் 15 பைட் ஆகிறது. ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து 20 பைட் இடம் ஒதுக்கிய பழைய சி நிரலுக்குள் ஒரு நீளமான தமிழ்ப் பெயரை அனுப்பினால், அது எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்படலாம். சில இடங்களில் தமிழ்ப் பெயரின் கடைசியில் கேள்விக்குறியோ கறுப்புக் கட்டமோ தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டைக் காலி செய்தது யார்?

இனி என் பிழைக்கு வருகிறேன். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சாதாரண நாளின் கூடுதல் நேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு தர வேண்டும். 1.5, 2, 3. இந்த மூன்று எண்களையும் ஒரு சிறிய அட்டவணையாகப் பைதனில் அமைத்து சி நிரலிடம் கொடுத்தேன். சோதித்தேன், விடை சரியாக வந்தது. கடைசி நாள் மாலை, நிரலைப் பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று அட்டவணை அமைக்கும் வரிகளை மட்டும் தனியாக ஒரு செயற்கூறுக்குள் நகர்த்தினேன். வேறெதையும் தொடவில்லை. சின்ன மாற்றம்தானே என்று திரும்பச் சோதிக்கவும் இல்லை.

அக்கா வந்து போன பிறகு இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு வெட்கத்தை விட்டு ஈப்போ அங்கிளுக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, அட்டவணையையே என்கிட்ட குடுத்தியா, இல்ல அட்டவணை இருக்கிற விலாசத்தைக் குடுத்தியா?”

“விலாசம்தான் அங்கிள்.”

“நான் அதைக் குறிச்சு வச்சுக்குவேன். ஒவ்வொரு ஆளுக்கும் கணக்குப் போடறப்ப அந்த விலாசத்துக்குப் போய்ப் பாப்பேன். நீ வீட்டைக் காலி பண்ணிட்டா நான் யாரைப் பாக்கறது?”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பைதன் தன் நினைவகத்தைத் தானே கூட்டிச் சுத்தம் செய்யும் மொழி. ஒரு பொருளை இனி யாரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தால் அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். என் அட்டவணை தனிச் செயற்கூறுக்குள் பிறந்தது. அந்தச் செயற்கூறு முடிந்ததும் பைதன் கணக்கில் அதற்குச் சொந்தக்காரர் இல்லை. சி நிரல் அதன் விலாசத்தைக் குறித்து வைத்திருக்கிறது என்பது பைதனுக்குத் தெரியாது. இடத்தை விடுவித்துவிட்டது.

விடுவித்த இடத்தின் தலைப்பில், அடுத்த காலி இடம் எங்கே என்ற குறிப்பை நினைவக மேலாளர் எழுதி வைப்பது வழக்கம். 1.5 இருந்த முதல் கட்டத்தில் இப்போது அந்தக் குறிப்பு. அதைப் பின்ன எண்ணாகப் படித்தால், புள்ளிக்குப் பிறகு முந்நூறு பூஜ்ஜியங்களைத் தாண்டித்தான் முதல் இலக்கமே வரும். எந்தச் சம்பளத்தை அதனால் பெருக்கினாலும் விடை 0.00தான். இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள் அந்த முறை கலையாமல் இருந்தன. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக் காசு மட்டும் சரியாக வந்தது. நிரல் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. சி கேட்ட இடத்தில் ஏதோ ஒரு எண் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பெருக்கியது.

அங்கிள் காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. அப்போது அட்டவணையும் சி நிரலுக்குள்ளேயே நிரந்தரமாக இருந்தது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டன. இந்த இடம் யாருடையது, எதுவரை அதை வைத்திருக்க வேண்டும் என்று இரண்டுக்கும் நடுவில் நின்று பேசி வைக்க வேண்டியவன் நான். பேசி வைக்கவில்லை.

திருத்தம் ஒரே வரி. அட்டவணையை நிரல் ஓடும் காலம் முழுவதும் உயிரோடு இருக்கும் ஓரிடத்தில் வைத்தேன்.

உலகமே இப்படித்தான் ஓடுகிறது

இது எங்கள் சிறிய நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. அறிவியல் கணக்குகளுக்குப் பைதனில் பலரும் பயன்படுத்தும் ‘நம்பை’ தொகுப்பின் உள்ளே இருப்பது பெரும்பாலும் சி. அணிக் கணக்குகளுக்கு அது ‘பிளாஸ்’, ‘லாபேக்’ என்ற நூலகங்களை நாடுகிறது. பிளாஸ் 1979இல் வெளியானது, லாபேக் 1992இல். இரண்டும் ‘ஃபோர்ட்ரான்’ மொழி மரபில் வந்தவை. ஃபோர்ட்ரான் 1957இல் ஐபிஎம் வெளியிட்ட மொழி, நம்மில் பலரின் அப்பாவைவிட மூத்தது. ‘பைடார்ச்’ கொண்டு நான்கு வரியில் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி செய்யும் கல்லூரி மாணவியும் உண்மையில் உள்ளே இருக்கும் சி++ நிரலைத்தான் வேலை வாங்குகிறார்.

அங்கும் மொழிக்கு மொழி பழக்கம் வேறு. ஓர் அட்டவணையை சி வரிசை வரிசையாகச் சேமிக்கும், ஃபோர்ட்ரான் பத்தி பத்தியாகச் சேமிக்கும். கவனிக்காமல் அனுப்பினால் நிரல் நிற்காது; அட்டவணை பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, தவறான விடை அழகாக வந்து சேரும்.

இளையவர்களுக்கு மூன்று சொல்

ஒன்று: எல்லையைத் தாண்டும் ஒவ்வொன்றின் வகையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால், வரும் விடை முழு எண் என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். பின்ன எண் வர வேண்டிய இடத்தில் குப்பைதான் வரும்.

இரண்டு: நினைவகம் யாருடையது என்று எழுதி வையுங்கள். யார் ஒதுக்குவது, யார் விடுவிப்பது, மறுபக்கம் விலாசத்தை வைத்துக்கொள்கிறதா இல்லையா? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் கூப்பிடாதீர்கள். ‘ரஸ்ட்’ போன்ற புதிய மொழிகள் இந்த உரிமைக் கேள்வியை இலக்கணமாகவே வைத்திருக்கின்றன. ஆனால் ரஸ்ட்டிலிருந்து சியைக் கூப்பிடும்போது, அந்த இடத்துக்குப் பொறுப்பு நிரலாளருடையதுதான்.

மூன்று: எவ்வளவு சின்ன மாற்றமானாலும் திரும்பச் சோதியுங்கள். விடை தெரிந்த ஒரு பழைய மாதத்தின் சம்பளப் பட்டியலை இப்போது நான் கைவசம் வைத்திருக்கிறேன். நிரலில் ஒரு வரி மாறினாலும் அந்த மாதத்தை மறுபடி ஓட்டி, சென் வரை ஒப்பிட்ட பிறகுதான் வெளியே விடுகிறேன்.

விடுபட்ட பணம் அந்த வாரமே அனைவருக்கும் போய்ச் சேர்ந்தது. அக்காவிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல தம்பி, மிஷின்னா அப்படித்தான்” என்றார். மிஷின் சரியாகத்தான் செய்தது அக்கா, தப்பு என்னுடையது என்றேன். அவர் சிரித்துவிட்டு, புதுச் சீட்டை நோட்டுப் புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பையில் வைத்துக்கொண்டார்.