பாகவதர் தட்டும் டி.எம்.எஸ். மெட்டும்

திருவிழாக் கொடி ஏறியதும் நமது முருகன் ஆலயங்களில் முதலில் ஒலிப்பது நாதஸ்வரம். அடுத்து ஒலிப்பது டி.எம்.சௌந்தரராஜன் அவர்களின் குரல். பினாங்குத் தண்ணீர்மலை, பத்துமலை முதல் தேயிலை மணக்கும் இந்தப் பிரிஞ்சாங் வரை இவ்வழக்கத்தில் மாற்றமில்லை. 2013 மே 25ஆம் நாள் அன்னார் இறைவனடி சேர்ந்த பின்னரும் மாறவில்லை. ஆயினும் அக்குரலுக்குப் பின்னால் மற்றொரு குரல் நின்றது என்பதை இன்றைய இளையோர் பலர் அறியார். அதனை இம்மலரில் எழுதக் காரணம் உண்டு. அது பின்னர் வரும்.

அக்குரல் எம்.கே.தியாகராஜ பாகவதருடையது. 1934இல் 'பவளக்கொடி', 1937இல் 'சிந்தாமணி', 1943இல் 'சிவகவி' என்று வளர்ந்த அவருடைய புகழ், 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தில் உச்சியைத் தொட்டது. சென்னை பிராட்வே அரங்கில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கொட்டகைக்குப் போக வசதியற்றவர்களுக்கு இசைத்தட்டு இருந்தது. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுற்றும் அந்த அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சற்றேறக்குறைய மூன்று நிமிடமே இடம். பல்லவி, அனுபல்லவி, சரணம், இடையே மின்னி மறையும் பிருகா யாவும் அதற்குள் அடங்கியாக வேண்டும். வீண் சொல்லுக்கும் வீண் சங்கதிக்கும் அங்கே இடமேது? ஊசி தேயத் தேயக் கேட்டவர்களுக்கு ஒவ்வோர் எழுத்தும் மனப்பாடம்.

அப்படிக் கேட்டு வளர்ந்தவர்களில் ஒருவர்தாம் 1922இல் மதுரையில் பிறந்த சௌந்தரராஜன். காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றவர் எனினும், பாகவதரைப் போலவே பாட வேண்டும் என்பதே அவருடைய இளமைக் கனவு. 1950இல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் பாடிய முதல் திரைப்பாடல், 'சிந்தாமணி'யில் பாகவதர் பாடிய ராதைப் பாட்டின் சாயலிலேயே அமைந்தது. அன்று அதைக் கேட்டவர்கள் பாகவதரின் நிழல் என்றே எண்ணியிருப்பார்கள். நிழலாகவே நின்றிருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

1954இல் 'தூக்குத் தூக்கி' வந்தது. அதற்கு இசையமைத்த ஜி.ராமநாதன், முன்னர் பாகவதரின் 'சிவகவி', 'ஹரிதாஸ்' படங்களில் பணியாற்றியவர். எங்கள் ஆலயத்துக்கு வாசிக்க வரும் நாதஸ்வர வித்துவான் ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்ன செய்தி இது: 'ஹரிதாஸ்' படத்தின் 'மன்மத லீலை' சாருகேசி ராகம், 1958இல் 'சாரங்கதரா' படத்துக்காக அதே ராமநாதன் டி.எம்.எஸ். அவர்களைப் பாட வைத்த 'வசந்த முல்லை'யும் சாருகேசியே. ராகம் ஒன்று, பாட்டு மட்டும் வெவ்வேறு. வித்துவான் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டினார். தந்தையின் முகச்சாடை மகனிடம் தெரிவது போல இருந்ததேயன்றி ஒன்றின் நகலாக மற்றொன்று இல்லை.

பக்தர்களாகிய நமக்கு இதைவிட முக்கியமானது, முருகன் பாடல்கள் பலவற்றுக்கு டி.எம்.எஸ். அவர்களே மெட்டமைத்தார் என்பது. கவிஞர் வாலி திரையுலகுக்கு வருமுன்னர், திருவரங்கத்திலிருந்து ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிய 'கற்பனை என்றாலும்' பாடலுக்கு மெட்டுப் போட்டுப் பாடியவரும் அவரே. ஓர் அஞ்சலட்டை எத்தனை வீடுகளில் விளக்கேற்றி வைத்திருக்கிறது பாருங்கள்! அந்த மெட்டுகளில் பாகவதர் தட்டுகளின் பாடம் தெரிகிறது என்பது என் செவிக்குப் பட்டது. சொல்லைச் சிதைக்காத உச்சரிப்பு, மேல் ஸ்தாயிக்குத் தயங்காமல் ஏறும் துணிவு, கேட்பவர் உடன்பாடத்தக்க எளிய பல்லவி ஆகியவை அங்கிருந்து வந்தவை. பாகவதரின் மெல்லிய குழைவுக்குப் பதிலாக ஒரு கம்பீரமும், அடியவன் வாய்விட்டு அழுது முறையிடும் உருக்கமும் சேர்ந்ததே, அது டி.எம்.எஸ். அவர்களின் சொந்தச் சொத்து.

இனி, காரணத்துக்கு வருகிறேன். எங்கள் ஆலயச் சாமான் அறையில் ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் உள்ளன. தோட்டத்து லயங்களை விட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்த குடும்பங்கள் கோயிலுக்குக் கொடுத்துச் சென்றவை. இந்த மலையின் ஈரத்தில் எதுதான் காயும்? உறைகளெல்லாம் பூஞ்சணம். பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் இளைஞர் ஒருவர், காய்கறி லோரி ஓட்டுபவர், சென்ற ஆண்டு அவற்றைத் துடைத்தெடுத்து, மூன்று வேகத்திலும் சுழலும் ஒரு பழைய பெட்டியைத் தேடிப் பிடித்து, இரவுதோறும் கேட்டு வந்தார். பின்னர், பனிமூட்டத்திடையே காட்சி தரும் நம் மலைவாழ் முருகன் மீது தாமே ஒரு பாடல் புனைந்து மெட்டமைத்தார்.

நிர்வாகக் கூட்டத்தில் அதைப் பாடிக் காட்டியபோது சர்ச்சை எழுந்தது. "தம்பி, இது டி.எம்.எஸ். ஐயா பாட்டு மாதிரியே இருக்கிறதே, சந்நிதியில் பாடலாமா?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். மூன்றாம் நாள் உபயக்காரரோ, தம் செலவில் கீழிருந்து ஓர் இசைக்குழுவை அழைத்துத் திரைப்பட மெட்டுகளில் பக்திப் பாடல் வைக்க விரும்பினார். உபயக்காரர்கள் மனங்கோணினால் திருவிழா நடத்துவது எவ்வளவு சிரமம் என்பதைச் செயலாளர் பொறுப்பில் இருப்பவர்களே அறிவர்.

என் கருத்தை மறைக்காமல் சொன்னேன். ஆயத்த மெட்டில் வேறு வார்த்தைகளை ஒட்டுவது ஒன்று. கேட்டுக் கேட்டு ஊறிய இசையிலிருந்து புதிதாக ஒன்று பிறப்பது வேறொன்று. முன்னதைக் கூலிக்கு வாங்கலாம். பின்னது இந்த மலையிலேயே விளைய வேண்டும். பாகவதர் சாயலில் பாடிய இளைஞருக்கு அன்று வாசல் அடைபட்டிருந்தால் நமக்கு எந்தப் பாடலும் கிடைத்திராது. அதே வேளையில் மூத்தவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பல்லவி மிகவும் பழகிய பாதையில்தான் சென்றது. இளைஞர் முகம் சுளிக்காமல் பத்து நாள் தவணை கேட்டார். மீண்டும் பாடியபோது பல்லவி மாறியிருந்தது. சரணத்தில் தேயிலை கிள்ளும் பெண்கள் பாடும் தாலாட்டின் அசைவு ஒன்று புதிதாக வந்து அமர்ந்திருந்தது. மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, தாளம் மட்டும் போட்டார்.

உபயக்காரரும் இறுதியில் இசைந்தார். இசைக்குழு வரும், அதற்கு முன்னதாக, ரதம் ஆலயம் திரும்பியதும், மகா தீபாராதனைக்குமுன் இப்பாடல் அரங்கேறும். "மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது" என்பது அன்னாரின் நிபந்தனை. "தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதானே, ஐயா" என்றார் இளைஞர். இரவுக் குளிர் கடுமையாக இருக்குமாதலால் மெய்யன்பர்கள் கம்பளி ஆடையுடன் வருகை புரியுமாறு கேட்டுக்கொள்கிறோம்.