பழைய லாண்ட் றோவரை உயர்த்தும் முறை

கரடுமுரடான பாதைகளிற் செல்லும் வாகனங்களுள் லாண்ட் றோவர் நம் நாட்டவர்க்கு நெடுங்காலமாக அறிமுகமானது. 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பெற்ற இவ்வண்டியின் பழைய வரிசை, 1985 வரை வில்தகடுகளின் மீது அமைந்த உருவிலேயே வெளிவந்தது. மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் இவ்வண்டிகளை இன்றுங் காணலாம். இவற்றை வைத்திருப்போர், அடிப்பாகம் கல்லில் இடிபடாதிருக்கப் பெரிய ரயர் பூட்டலாமா, வண்டியைச் சற்று உயர்த்தலாமா என வினவுவதுண்டு. இரண்டையுஞ் செய்யலாம். ஆனால் எந்த உயரம் எதனாற் கிடைக்கின்றது, அதற்கு ஈடாக நாம் எதனை இழக்கின்றோம் என்பவற்றை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பாதையிலுள்ள கல்லில் முதலில் மோதுவது பெரும்பாலும் அச்சின் நடுவேயுள்ள பற்சக்கரக் கூடே. வில்தகடுகளை எவ்வளவு உயர்த்தினாலும் அக்கூடு உயராது. அச்சுக்கு மேலுள்ள சட்டமும் உடலுமே உயரும். கூட்டை உயர்த்த வல்லது ரயர் ஒன்றே. குட்டை வண்டிக்குப் பெரும்பாலும் 6.00-16 அளவு ரயரும், நீள வண்டிக்கு 7.50-16 அளவு ரயரும் பூட்டப்பட்டன. முன்னதன் குறுக்களவு ஏறத்தாழ 29 அங்குலம். பின்னதன் குறுக்களவு ஏறத்தாழ 32 அங்குலம். ஆகவே குட்டை வண்டிக்குப் பெரிய ரயரைப் பூட்டினால், வேறுபாட்டின் பாதியாகிய 1½ அங்குலமே அச்சு உயரும். சிறிய அளவாயினும் பாறைப் பாதையில் அது பெரும் பயன் தரும்.

இனி, வில்லின் ஒரு முனையைச் சட்டத்தோடு பிணைக்கும் ஷக்கிள் என்னும் இணைப்புத் தகட்டை நோக்குவோம். இதனை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 2 அங்குலம் உயரும் எனப் பலர் எண்ணுவர். வில்லின் ஒரு முனை மாத்திரமே இறங்குவதால், நடுவிலுள்ள அச்சுக்கு மேல் வண்டி ஏறத்தாழ 1 அங்குலமே உயரும். அத்துடன் அச்சுஞ் சற்றே திரும்பும். அதனால் ஸ்ரியறிங்கின் தன்மையும், எஞ்சினின் வலுவை அச்சுக்குக் கொண்டு செல்லுந் தண்டின் கோணமும் மாறும். ஆதலின் மிதமான உயர்வே தக்கது.

பெற்றவற்றைக் கண்டோம், இழப்பவை யாவை? ரயர் பத்திலொரு பங்கு பெருத்தமையால், ஒவ்வொரு கியரும் அவ்வளவுக்கு வலிமை குன்றும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும். வேகமானி மணிக்கு 40 மைல் எனக் காட்டும்போது வண்டி ஏறத்தாழ 44 மைல் ஓடும். பின்னச்சின் அரைத்தண்டுகள் முன்னரே மெலியவை. அவற்றின்மேற் சுமை இன்னும் ஏறும்.

இவற்றினும் பெரிய ஆபத்து இறக்கத்தில் உள்ளது. பிறேக் உருளை பழைய அளவினதே. அது பிடித்து நிறுத்தவேண்டிய சக்கரமோ பெருத்துவிட்டது. எனவே முன்போல் நிறுத்துவதற்குப் பத்திலொரு பங்கு கூடுதலான பிடி தேவை. அதே வேளையில், கீழ்க் கியரில் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் ஆற்றலுங் குறைந்துவிடும். நனைந்த மலைச்சாலையில், பாரத்தோடு, வளைவுகள் பலவற்றைக் கடந்து இறங்கும் சாரதிக்கு இவ்விரு குறைகளும் ஒருங்கே வந்து சேரும்.

அகலக்கால் வையாதே என்பது பழமொழி. வண்டிக்கோ அகலக்காலே அரண். இப்பழைய வண்டியின் இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடைப்பட்ட அகலம் சுமார் 51½ அங்குலமே. ரயராலும் வில்லாலும் உடல் 2½ அங்குலம் உயர்ந்தும் அவ்வகலம் கூடாதாயின், சரிவிலும் விரைவான திருப்பத்திலும் வண்டி முன்னிலும் எளிதிற் சாயும்.

ஆதலால் வேலையைத் தொடங்கவேண்டிய இடம் பிறேக்கே. உருளைகளையும் பட்டைகளையுஞ் செம்மைப்படுத்துக. அச்சுக்குச் செல்லும் இறப்பர்க் குழாய்கள், வில் முழுதும் கீழ்நோக்கித் தொங்கும்போதும் இழுபடாதிருக்கின்றனவா எனப் பார்க்க. இழுபட்டால் நீண்ட குழாய் பொருத்துக. அதன் பின்னரே ஷக்கிளையும், இறுதியாக ரயரின் அகலத்துக்கேற்ற சக்கரத்தோடு ரயரையும் மாற்றுக. ஸ்ரியறிங்கை இருபுறமும் முற்றாகத் திருப்பி, ரயர் முன்வில்லில் உராய்கின்றதா எனக் காண்க. உராய்ந்தால் திருப்பத்தை வரையறுக்கும் ஆணியைச் சரிசெய்க. அதனால் வண்டி திரும்புவதற்கு முன்னையினும் அகன்ற இடம் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. மாற்றத்துக்கு முன் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளைக் கேட்டறிவதும் முறையாகும்.

எல்லாம் முடிந்தபின், பாரமின்றி, சமதரையில், வண்டி எத்தனை அடியில் நிற்கின்றது என்று அளந்து பாருங்கள். முன்னிருந்த தூரத்தில் அது நிற்குமாயின் மலைப்பாதைக்குச் செல்லலாம். நில்லாதாயின், உயர்ந்த வண்டி கராச்சிலேயே இருப்பது நன்று.