யசோதை கண்டதும் தேவகி இழந்ததும்

குழந்தைக்கு ஆண்டு நிறைவு நாளில் ஆயுஷ்ய ஹோமம் முடிந்து வந்தவர்கள் அமுது செய்தபின், பெற்றவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஒன்றே. எப்போது குப்புற விழுந்தது, எப்போது தவழ்ந்தது, முதலடி வைத்தது கூடத்திலா திண்ணையிலா என்பதே அப்பேச்சு. தாய் சொல்லும் வரிசையும் தந்தை சொல்லும் வரிசையும் ஒத்துப்போவது அரிது. க்ருஹஸ்தர் யாவரும் அறிந்த இவ்வநுபவத்தை மனத்திற்கொண்டால், பெரியாழ்வார் திருமொழி முதற்பத்தில் எழும் ஓர் ஐயம் எளிதில் தீரும்.

பிள்ளைத்தமிழுக்குப் பிற்காலப் பாட்டியல் நூலார் மாதக்கணக்கு வகுத்தனர். செங்கீரைக்கு 5ஆம் மாதம், சப்பாணிக்கு 9ஆம் மாதம், அம்புலிக்கு 15ஆம் மாதம் என்பது பரவலாக வழங்கும் முறை. பெரியாழ்வாரோ திருவவதாரம், பாதாதிகேசாநுபவம், தாலாட்டு ஆகிய மூன்றையும் அடுத்து நான்காம் திருமொழியிலேயே அம்புலியை அழைத்துவிடுகிறார். அங்குள்ள பிள்ளை புழுதியிலே தவழ்கிறான். மழலைச்சொல்லாலே சந்திரனைக் கூவுகிறான். அதற்குப் பின்னரே செங்கீரை, பின் சப்பாணி, பின் தளர்நடை. தவழ்ந்து முடிந்த பிள்ளை மீண்டும் செங்கீரை ஆடுவது எங்ஙனே என்று கேட்கலாம்.

பிற்பட்ட இலக்கணத்தை முற்பட்ட இலக்கியத்தின்மேல் ஏற்றலாகாது என்று விடை கூறுவாருண்டு. அது சரியே; ஆயினும் போதாது. ஆழ்வார் யசோதையின் பாவனையிலே நின்று பேசுகிறார். இடுப்பிலே பிள்ளையைச் சுமந்து நிற்பவளுக்கு, இன்று நடப்பவனும் தொட்டிலில் கிடந்தவனும் ஒருசேரத் தோன்றுவர். எந்தச் சேஷ்டிதம் நெஞ்சை முந்தி இழுக்கிறதோ அதுவே முன்னே வரும். மாதம் எண்ணுவது அவள் தொழிலன்று.

எண்ணுகிறவர்கள் வேறு. கோவர்த்தனம் எடுத்தபின் ஆயர்கள் நந்தகோபரிடம் திரண்டுவந்து பிள்ளையின் பிராயத்தைக் கணக்கிட்டதை ஸ்ரீபாகவதம் தசம ஸ்கந்தம் 26ஆம் அத்யாயம் கூறுகிறது. சில மாதத்துச் சிசுவாய்க் கிடக்கையில் சகடம் கவிழ்ந்தது. ஓராண்டுப் பிராயத்தில் த்ருணாவர்த்தன் தூக்கிப்போனான். ஏழாண்டுப் பாலகன் மலையைத் தாங்கினான் என்று அவர்கள் வியந்து அடுக்குகின்றனர். ஆழ்வாரின் தாயும் சகடத்தையும் பூதனையையும் சொல்லாமலில்லை. ஆனால் அவையெல்லாம் பிள்ளையை அழைக்கும் விளியாகவும் அடைமொழியாகவுமே நிற்கும். அவள் பிள்ளையிடம் கேட்பவையோ கைகொட்டுவது, தலையசைத்து ஆடுவது, ஓடிவந்து அணைப்பது இவையே. அதிமாநுஷ சேஷ்டிதம் அவளுக்குப் பெயர்ச்சொல் அளவே. ஆசையெல்லாம் மழலைச் செயலில்.

பாரம் பற்றிய செய்தியும் நோக்கத்தக்கது. மடியிலிருந்த பிள்ளை திடீரென்று கனத்துப்போகத் தாங்கமாட்டாமல் யசோதை அவனைத் தரையிலே விட்டாள் என்று த்ருணாவர்த்த வதத்தில் பாகவதம் கூறும். முதல் திருமொழியிலோ, தொட்டிலில் கிடத்தினால் கிழிய உதைக்கிறான், எடுத்தால் இடுப்பை முறிக்கிறான், நான் மெலிந்துபோனேன் என்று தாய் தோழியிடம் முறையிடுகிறாள். அங்கே வியப்பானது இங்கே எந்தத் தாயும் ஓராண்டு முடிவிலே சொல்லும் குறையாகிவிட்டது. இத்திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி லோபமடைய, அக்குறையை மணவாள மாமுனிகள் நிறைவுசெய்தருளினார். இந்த ரஸம் நம் கைக்கு எட்டியது அந்த உபகாரத்தாலே.

இனி ஓர் ஆக்ஷேபம். வளர்தல் என்பது யாஸ்கர் நிருக்தத்தில் எடுத்துக்காட்டும் ஆறு பாவவிகாரங்களுள் ஒன்று. விகாரமற்றவனுக்கு வளர்ச்சி கூடுமோ? கீதை நான்காம் அத்யாயத்தில் எம்பெருமானார் காட்டியருளிய வழியே ஸமாதானம். ஈச்வர ஸ்வபாவம் ஒன்றையும் விடாமல் தன் இச்சையாலே அவதரிக்கிறான், கர்மத்தாலன்று. பிறப்பு இச்சையாலாயின் வளர்ச்சியும் இச்சையாலேயே. நம்மாழ்வார் ஐந்தாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியில் பிறந்த விதத்தோடு நில்லாமல் வளர்ந்த விதத்தையும் சேர்த்தே நினைந்து உருகுகிறார்.

அவ்வளர்ச்சியின் அருமை தெரியவேண்டுமாயின், கண்டவளைவிடக் காணாதவளையே கேட்கவேண்டும். குலசேகரப் பெருமாள் அருளிய பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழி முழுதும் தேவகியின் புலம்பல். திருவவதார ராத்திரியில் சங்கசக்ரங்களோடு நான்கு திருத்தோள்களையும் நேரே கண்டவள் அவள். கம்ஸனுக்கு அஞ்சி அவற்றை மறைக்கும்படி வேண்டியவளும் அவளே. பரத்வத்தைக் கண்ணாரக் கண்ட அவள் ஏங்குவது எதற்கு? தாலாட்டப் பெறாததற்கு. புழுதி படிந்த மேனியோடு வந்து அணையப் பெறாததற்கு. சோற்றை அள்ளி வாயிலிட்டுச் சிதறிய மிச்சிலை உண்ணப் பெறாததற்கு. உன் தந்தை யார் என்று உற்றார் கேட்கப் பிள்ளை விரலாலும் கடைக்கண்ணாலும் காட்டிய பேறு நந்தகோபருக்கே ஆயிற்று. வஸுதேவருக்கு இல்லை என்று கணவனின் இழவையும் சேர்த்து அழுகிறாள். வெண்ணெய் அளைந்த கையும், தாம்பைக் கண்ட அச்சமும், அழுகையும் யசோதைக்கு வாய்த்தன.

கம்ஸ வதத்திற்குப் பின் மாதாபிதாக்கள் முன் வந்து நின்ற கண்ணன் அவ்விழவை மறுக்கவில்லை. தசம ஸ்கந்தம் 45ஆம் அத்யாயத்தில், எப்போதும் எங்களையே நினைந்திருந்தும் எங்கள் பால்யமும் பௌகண்டமும் கைசோரமும் உங்களுக்கு இன்பமளிக்கவில்லையே என்று அவன் தானே சொல்கிறான். அதோடு விடவில்லை. பெற்றோர் மனையிலே சீராட்டப்பட்டு வளரும் பிள்ளைகள் பெறும் மகிழ்ச்சி, தெய்வவசத்தால் எங்களுக்கும் கிட்டாமற்போயிற்று என்றும் சொல்லி, அவர்கள் முன்னே தலைவணங்கி நிற்கிறான்.